ஒரு கல்லும் ஒரு ரயிலும்

அத்தியாயம் 12

சாகப்போகிறவர்கள் இப்படி நடக்க மாட்டார்கள்.

சத்தியபாமா இதை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொல்லக்கூடிய பேச்சும் அல்ல அது. ஒஸ்லோ நகரத்து அவசர சிகிச்சை நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், கணவனின் தடித்த குளிரங்கியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, அவர் சுவரிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து சுவருக்கும் நடப்பதைப் பார்த்தபடி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து அவள் கற்றுக்கொண்டது இது. சாவு கிட்ட வரும்போது மனிதர் அசைவதை விட்டுவிடுகிறார்கள். விரல் போர்வையின் ஓரத்தைத் தேடித் தடவும், அவ்வளவுதான். நடக்கிறவர்களுக்கும், குனிந்து முழங்காலைப் பிடிக்கிறவர்களுக்கும், சுவரில் நெற்றியை வைத்து அழுத்துகிறவர்களுக்கும் இருப்பது வலி. வலி வேறு, சாவு வேறு.

அந்த நினைப்பு ஆறுதல் தந்தது. இவ்வளவு சுலபமாக ஆறுதல் வந்ததே உறுத்தலாகவும் இருந்தது. புருசன் துடிக்கும்போது இப்படி எடைபோட்டுப் பார்க்கிற பெண் எப்படிப்பட்ட பெண்?

குலேந்திரன் விடியற்காலை வேலைக்குப் புறப்பட்டவர். நகர பஸ் ஓட்டுநரின் நீலச் சட்டையைப் போட்டு, பித்தான் பூட்டி, சப்பாத்துக்குக் குனிந்தபோது இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ கம்பியால் குத்தித் திருகியதுபோல ஆகிவிட்டது. அவள் சமையலறையிலிருந்து ஓடிப் போனபோது குளியலறை வாசலில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்து கிடந்தார். அவள் டாக்சிக்குச் சொல்லிவிட்டு அவருக்கு மாற்றுச் சப்பாத்துத் தேடிய அந்தச் சிறு இடைவெளியில் அவர் தன்னுடைய கைத்தொலைபேசியை எடுத்து பேர்கனில் இருக்கும் தமையனுக்குப் பேசியிருந்தார். அது அவளுக்குப் புதிதில்லை. சந்தோசமானாலும் துக்கமானாலும் பஸ் பழுதானாலும் அவருடைய முதல் பேச்சு அண்ணனோடுதான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு எப்போதும் இரண்டாவது இடம்.

டாக்சி குறொன்லாண்ட் தெருவழியாக வந்தபோது கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஒரு லொறியிலிருந்து வெண்டிக்காய்ப் பெட்டிகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் சதையில் பதிந்தது. ஒருமுறை மட்டும் வாய்விட்டு முனகினார். மற்ற நேரமெல்லாம் முருகா, முருகா என்றே வந்தார்.

கந்தசஷ்டி ஐந்தாம் நாள் அன்று. கோயிலில் காப்புக் கட்டியிருந்தார். நாளைக்குச் சூரன்போர்.

கூடத்தில் அவர்களுக்கு எதிரே, வலது மணிக்கட்டைத் துவாயால் சுற்றிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தமிழர் இருந்தார். மூக்குக்கண்ணாடி, முதுகுப்பை, கழுத்தில் அலுவலக அட்டை. நேற்று மாலை ஈர இலைகளில் வழுக்கி விழுந்தாராம். பெயர் சங்கரன், கோயம்புத்தூர், கணினி வேலை என்று கேட்காமலே சொல்லி முடித்தார். பிறகு குலேந்திரனின் நடையைக் கொஞ்ச நேரம் நிபுணர்போலக் கவனித்தார்.

“ஸ்டோன்தானே சார்? எனக்குப் போன வருஷம் வந்துச்சு. இதே வாக்கிங்தான். வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா கரைஞ்சிடும். இந்த ஊர்ல வாழைத்தண்டுக்கு எங்க போறது? பேசாம ரெண்டு பீர் அடிங்க. ஓடிடும்.”

குலேந்திரன் நின்றார். வலியையும் மீறி அவர் முகத்தில் ஒரு கோயில் நிர்வாகக் களை வந்தது. கையைத் தூக்கி, தருப்பைக் காப்பைக் காட்டினார்.

“தம்பி, நான் விரதம்.”

“ஐயையோ, சாரி சார். மருந்தா நினைச்சு…”

“கந்தசஷ்டியிலை பியர் குடிக்கச் சொல்லுறார்,” என்று அவளிடம் திரும்பிச் சொன்னார் குலேந்திரன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குத்து வந்து அவரை மடித்துவிட்டது. சங்கரன் காயப்பட்ட கையோடு எழுந்து ஓடிவந்து மற்றக் கையால் தாங்கினார். அந்தக் குழப்பத்தைப் பார்த்தோ என்னவோ, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த தாதி அவர்களை உள்ளே கூப்பிட்டாள்.

உள்ளே ஒரு ஒடுங்கிய அறை. கட்டில், ஒரு நாற்காலி, பால்நிறத் திரை. கைத்தொலைபேசியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். சட்டையைக் கழற்றி வைத்தியசாலை அங்கியைப் போட்டுவிடச் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் செய்கிற வேலை. ஆனால் இந்த உடம்புக்கு அவள் இப்படி உடுப்பு மாற்றியது இல்லை. விலா எலும்புகள் தெரிந்தன. போன கிழமை இவை இப்படித் தெரிந்தனவா என்று யோசித்தாள். போன கிழமை தான் இந்த உடம்பைப் பார்த்தாளா என்பதே ஞாபகத்தில் இல்லை.

நீலச் சட்டையை மடித்தபோது மேல்பையில் ஏதோ நெருடியது. கடதாசித் துவாயில் சுற்றிய சின்னப் பொட்டலம். பிரித்தாள். மிளகு.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகும் ஒரு கை தண்ணீரும். இரண்டாம் நாள் இரண்டு மிளகு, இரண்டு கை தண்ணீர். அப்படியே ஆறு நாளும். வேறு ஒன்றும் உள்ளே போகாது. கோயிலில் பாலும் பழமும் எடுத்தேன் என்று ஒவ்வொரு இரவும் சொல்லிவிட்டுப் படுத்தவர், இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். சூடாக்கி எரியும் பஸ்ஸுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், நாள் முழுக்க. வழக்கமான நாட்களிலேயே ஓட்டுநர்கள் தண்ணீர் குடிக்கப் பயப்படுவார்கள். இடையில் கழிவறைக்கு இறங்க நேரம் கிடைக்காது. அந்தப் பழக்கத்தின் மேல் இந்த விரதம்.

வைத்தியர் இளம் பெண். பொன்னிற முடியைப் பென்சிலால் குத்தி முடிந்திருந்தாள். சிறுநீரில் இரத்தம் இருக்கிறது, அநேகமாகக் கல்தான், இடப்பக்கக் குழாயில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றாள். இந்த நாட்களில் போதுமான அளவு தண்ணீர் குடித்தாரா என்று கேட்டாள். குலேந்திரனுக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். பஸ்ஸில் குடித்துவிட்டு ஏறுகிற வெறிகாரர்களோடு வாதாடுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் வலி அவரிடமிருந்து அந்த மொழியைப் பறித்துக்கொண்டிருந்தது. அவர் பாமாவைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை. அவள் சொன்னாள். ஐந்து நாளில் குடித்தது மொத்தமாக ஒரு கோப்பை இருக்கும் என்றாள். வைத்தியர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, ஏன் என்று மட்டும் கேட்டாள்.

கடவுளுக்காக என்று சொல்லலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முழுப் பதிலை அவர் அவளுக்கே சொல்லவில்லை.

அடுத்து ஒரு சின்ன யுத்தம். தாதி குளிசையும் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீரும் கொண்டுவந்தாள். குலேந்திரன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு ஊசி போடலாம், சேலைன் ஏற்றலாம் என்றார்கள். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார்.

“வாயாலை போனால்தானே விரதம் முறியும். ஊசி பரவாயில்லை. ஆனால் காப்புக் கட்டின கையிலை வேண்டாமெண்டு சொல்லும்.”

தாதி இடது கையில் ஊசியை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து நடக்கத் துடிப்பதை நிறுத்தினார். பிறகு காலை நீட்டினார். நெற்றியில் முத்து முத்தாய் நின்ற வியர்வை காய்ந்தது. பாமாவுக்கு மட்டும் அமைதி வரவில்லை. நாற்காலியில் இருந்தாள், எழுந்தாள், யன்னல் கண்ணாடியில் விரலால் கோடு கீறினாள். அவர் விட்ட நடையைத் தான் எடுத்துக்கொண்டதுபோல, கட்டிலின் காலடிக்கும் திரைக்கும் இடையில் நடந்தாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றாள் கடைசியில்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சொன்னால் நீர் விடமாட்டீர். அதோடை, நேர்த்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது.”

என்ன நேர்த்தி என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

மயூரா அவர்களுடைய ஒரே பிள்ளை. பேர்கனில் படிக்கிறாள். கோடையில் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஐரிக் என்கிற ஒருவனோடு தான் ஒரே வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். கல்யாணம் பற்றி இப்போது யோசிக்கவில்லை என்றும் சொன்னாள். மறைத்து வைத்துக்கொண்டு உங்களோடு சாப்பிட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன் என்றாள். குலேந்திரன் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த வீட்டை விட்டு வந்த பிறகு இந்த வீட்டுக்கு வா என்றார். அவள் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவை அறைந்து சாத்தாமல் மெதுவாகத்தான் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மயூரா என்ற பெயர் ஒலிக்கவில்லை. பாமா மட்டும் வேலைத்தலத்தில், துணி வெளுக்கும் அறையில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு மகளோடு பேசுவாள். என்ன சமைத்தாய், குளிருக்கு என்ன போடுகிறாய் என்பதைத் தாண்டி இருவரும் போவதில்லை. அதைத் தாண்டினால் உடையக்கூடிய ஏதோ ஒன்றை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

மகளின் பெயரைச் சொல்லாத மனுசன் ஐந்து நாளாக அவளுக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். பாமாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. ‘வா’ என்ற ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொல்ல முடியாதவருக்கு, முருகன் மூலம் சொல்லி அனுப்ப மட்டும் முடிந்திருக்கிறது.

வைத்தியர் மறுபடி வந்து, கல் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், அநேகமாகத் தானாகவே போய்விடும், மத்தியானம்வரை இங்கே இருக்கட்டும் என்றாள். நாளைக்குப் படம் எடுத்துப் பார்க்கலாம், அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் கல்லை எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குத் தகவல் சொல்வதென்றால் இப்போது தொலைபேசியைப் பாவிக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாமா தொலைபேசியை உயிர்ப்பித்தாள். தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் மயூரா. பாமா திகைத்து நிற்கும்போதே அது கையில் அதிர்ந்தது. மைத்துனர் அருளானந்தன்.

அருளானந்தன் பேர்கனில் பெரிய வைத்தியசாலை ஒன்றில் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளுகிறவர். அதனால் சொந்தக்காரர் மத்தியில் அவர் பாதி வைத்தியர். யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் அழைப்புப் போகும். தம்பி எப்படி என்று கேட்டார். கல் என்று சொன்னாள். தனக்கு அப்பவே தெரியும், காலையில் முனகலைக் கேட்டவுடனேயே தெரியும் என்றார். பிறகு குரலைத் தணித்தார். அந்தத் தணிந்த குரலில் ஒரு வெற்றி இருந்தது.

“பிள்ளையை ட்ரெயின் ஏத்திப்போட்டன், பாமா. காலமை வண்டியிலை. நானே ஸ்ரேசனுக்குப் போய் ஏத்தினனான். பின்னேரம் அங்கை நிப்பாள்.”

பாமா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தான், அவளுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

“பொய் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவுக்குக் கிட்னியிலை, கடுமை, உடனை வெளிக்கிடு எண்டுதான் சொன்னனான். கல்லெண்டு நீர் இப்ப சொல்லிப்போடாதையும். வழியிலை இறங்கிப்போடுவாள். வந்து சேரட்டும். தேப்பன்ரை முகத்தைக் கண்டால் எல்லாம் சரியாப் போகும்.”

தொலைபேசியிலிருந்து வந்த குரல் அந்தச் சின்ன அறையில் குலேந்திரனுக்கும் நன்றாகக் கேட்டது. பாமா அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பியபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு வலியிலும் வராத கண்ணீர்.

“வாறாளா?”

“ட்ரெயினிலை வாறாளாம்.”

அவர் காப்புக் கட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு, அவளிடமா தனக்குள்ளேயா என்று தெரியாத குரலில் சொன்னார். “நான் கேட்டது ஒண்டுதான் பாமா. ஒருக்கா அவள் என்ரை வாசல்படி மிதிக்கவேணும். சூரன்போருக்கு முதல் மிதிக்கவேணும். பாரும், கல்லைத் தந்தவனும் அவன்தான், பிள்ளையை வண்டியிலை ஏத்தினவனும் அவன்தான்.”

“ஏத்தினது உங்கடை அண்ணை.”

“நீர் பகிடி விடும். எனக்குத் தெரியும்.” அவர் அவளுடைய கையைப் பிடித்தார். “அவள் ஃபோன் எடுத்தால் கல்லெண்டு சொல்லாதையும். அவ்வளவுதான் கேக்கிறன். பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா இரும். அவள் வந்திடுவாள்.”

சும்மா இரு. இதைவிடச் சின்னதாக ஒன்றை ஒரு புருசன் கேட்க முடியுமா?

அவளும் அதைத்தான் விரும்பினாள். அதுதான் வெட்கமாக இருந்தது. பின்னேரம் கதவு திறக்கும், மயூரா நிற்பாள் என்று நினைத்த உடனேயே அவளுடைய உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டில் அரிசிமா இருக்கிறதா, போகிற வழியில் தேங்காய்ப்பால் வாங்க வேண்டுமா, அவள் அறையில் காய்ந்த உடுப்புகளைக் கட்டிலில் குவித்து வைத்திருக்கிறேனே என்றெல்லாம் மனம் ஓடியது. அந்தப் பிள்ளையின் தலைமுடியில் வரும் மணம் மூக்குக்கே வந்துவிட்டது. கோடையிலிருந்து அவளைக் காணவில்லை. ஒரு அரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய்கூட இல்லை. எல்லோரும் சேர்ந்து உண்மைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பது, அவ்வளவுதான்.

தொலைபேசி அதிர்ந்தது. மயூரா. பாமா எடுக்கவில்லை. அது நின்றது.

அவள் யன்னலுக்குப் போனாள். கீழே ஆறு கறுப்பாக ஓடியது. மறுபடி அதிர்ந்தது. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நின்றது. குலேந்திரன் தலையை ஆட்டினார், நல்லது என்பதுபோல.

கடுமை.

அந்தச் சொல் இப்போதுதான் அவளுக்குள் முழுதாக இறங்கியது. அத்தான் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! அந்தச் சொல்லை அவள் முதலில் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் கேட்டாள். அப்போது அவர்கள் அங்கேதான் மீன் தொழிற்சாலையில் இருந்தார்கள். கொழும்பிலிருந்து சின்னம்மா அழைத்து, பாமாவைப் பெற்ற ஐயாவுக்குக் கடுமை என்றாள். பாமா ஒரு கிழமை விளக்கு வைத்தாள், நேர்ந்தாள், மீன் வெட்டும் மேசையில் நின்றபடி உதட்டுக்குள் தேவாரம் சொன்னாள். அந்த ஒரு கிழமையும் ஐயா இல்லை. முதல் அழைப்பு வந்தபோதே எரித்து முடித்திருந்தார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளை தாங்காது என்று படிப்படியாகச் சொல்வதாம். நம்முடைய ஆட்களின் வழக்கம் அது. முதலில் சுகமில்லை, பிறகு கடுமை, பிறகுதான் மற்றது. உண்மை தெரிந்த அன்று அவள் சமையலறைத் தரையில் கிடந்து அழுதபோது, மேசைக்குக் கீழே நிறப்பென்சில்களோடு இருந்த சின்ன மயூரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மயூராவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு நாள் அவள்தான் தொலைபேசியை எடுத்தாள். பெரியம்மாவுக்குக் கடுமையாம் அம்மா என்று சொன்னவள், தொலைபேசியைத் தருவதற்கு முன் கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் இருங்கோ என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. கடுமை என்றால் முடிந்துவிட்டது என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

அருளானந்தன் பேர்கன் ரயில் நிலையத்தில் நின்று அவளிடம் சொன்னது அந்தச் சொல்லைத்தான்.

அப்பாவைப் பார்க்க வருகிறாள் என்று இங்கே இருவரும் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிணத்தைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறது. தனியாக, மலைக்கு மேல், யாரோ தெரியாத ஆட்களின் முழங்கால்களுக்கு எதிரில். வா என்ற சொல்லை அப்பாவின் வாயால் இனி ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு.

தொலைபேசி மூன்றாம்முறை அதிர்ந்தபோது அவள் எடுத்துவிட்டாள்.

“அம்மா.” ரயிலின் இரைச்சல். குரல் வறண்டு, மிகவும் ஒழுங்காக இருந்தது. அழுது முடித்தவர்களின் ஒழுங்கு. “அம்மா, எத்தினை மணிக்கு?”

“என்ன பிள்ளை?”

“அப்பா. எத்தினை மணிக்கு?”

பாமா கண்ணை மூடினாள். “அப்பா இருக்கிறார், பிள்ளை. எனக்குப் பக்கத்திலை இருக்கிறார்.”

“அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்களும் அப்பிடிச் சொல்லாதையுங்கோ, அம்மா.”

குலேந்திரன் கையை நீட்டினார். உதட்டை மட்டும் அசைத்து, கடுமை எண்டு சொல்லும், கடுமை எண்டு சொல்லும் என்றார். அந்த முகத்தில் கெஞ்சல் இருந்தது. சின்னப் பிள்ளைகள் கடைசி இனிப்புக்குக் கெஞ்சுவதுபோல. அவள் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“கல்லு, மயூரா. கிட்னியிலை கல்லு. சின்னக் கல்லு. தானாப் போயிடுமெண்டு டாக்குத்தர் சொல்லுறா. ஊசி போட்டு, நோவு குறைஞ்சு, இப்ப எழும்பி இருக்கிறார். பெரியப்பா சொன்ன மாதிரி ஒண்டுமில்லை.”

அந்தப் பக்கம் சக்கரங்களின் சத்தம் மட்டும். பிறகு ஒரு மூச்சு. சிரிப்பா விம்மலா என்று பிரிக்க முடியாத ஒன்று. யாரோ நோர்வேஜிய மொழியில் அவளிடம் ஏதோ கேட்டார்கள். பரவாயில்லை, எல்லாம் சரி என்று அவள் பதில் சொன்னது கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“பெரியப்பா என்ன சொன்னவரெண்டு அப்பாவுக்குத் தெரியுமோ?”

“இப்பதான் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன சொன்னவர்?”

பாமா கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிளகைத் தின்று கிடந்த ஐந்து நாளையும் சொல்ல வேண்டும். ‘சும்மா இரும்’ என்று கேட்டதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது இன்னொரு கடுமை. இரண்டையும் எந்த ஒழுங்கில் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே மயூரா பேசிவிட்டாள்.

“சரி அம்மா. அடுத்த ஸ்ரேசன் யைலோ. அங்கை இறங்கினால் திரும்பிப் போற வண்டி இருக்கு. நான் என்ன செய்யிறதெண்டால்…”

குரல் துண்டுதுண்டாகி அறுந்தது. ரயில் மலைக்குள் போயிருக்க வேண்டும். பாமா இரண்டுமுறை, மயூரா, மயூரா என்றாள். பிறகு தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் வெளிச்சமும் அணைந்தது.

குலேந்திரன் தலையணையில் சாய்ந்தார். ஏன் சொன்னீர் என்று அவர் கேட்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இறங்கிப்போடுவாளோ?”

“தெரியாது.”

“என்ன சொன்னவள்?”

“யைலோவிலை திரும்பிப் போற வண்டி இருக்காம். மிச்சம் கேக்கேல்லை.”

அவர் சேலைன் சொட்டுவதைப் பார்த்தார். பிறகு அவர் மெல்ல எழுந்து, ஊசி ஏறிய கையைக் கவனமாக வைத்துக்கொண்டு அவள் பக்கம் சரிந்தார்.

“இன்னும் யைலோ வந்திராது, பாமா. அவளுக்குத் திருப்பி ஃபோன் எடும். ஒப்பரேசன் செய்யவேண்டி வரலாமெண்டு சொல்லும். அது பொய்யில்லைத்தானே, எடுக்கவேண்டி வரலாமெண்டு அந்த டாக்குத்தர் பிள்ளை சொன்னவதானே. அதைமட்டும் சொல்லும். எனக்காண்டி.”

எனக்காக என்று அவர் கேட்டது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கேட்டதே இல்லையோ என்னவோ. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, அண்ணனை விட்டு, முருகனை விட்டு, அவளிடம் கேட்கிறார். இந்த ஒன்றைத்தானா கேட்க வேண்டும்? யைலோவின் மேடையில் பையோடு இறங்கி நிற்கிற மகளையும், இறங்காமல் இருக்கையிலேயே இருக்கிற மகளையும் மாறிமாறி நினைத்துப் பார்த்தாள். மகள் வந்தாலும் வராவிட்டாலும், அது அவள் தானாகச் செய்ததாக இருக்கட்டும்.

“நீங்கள் வேணுமெண்டால் எடுத்து, வா எண்டு சொல்லுங்கோ,” என்றாள். “நம்பர் தாறன்.”

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். காப்பை விரலால் சுற்றினார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீர் எடும், பாமா.”

“நான் எடுக்கமாட்டன்.”

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதுபோல, அவ்வளவு தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். அவர் இன்னொருமுறை கேட்டார். அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை அவருக்கு வசதியாகக் கொஞ்சம் உயர்த்திவிட்டாள். கலைந்த போர்வையை இழுத்து அவர் கால்களை மூடினாள். பிறகு நாற்காலியை அவர் கை எட்டாத தூரத்துக்கு நகர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.